ஞாயிறு வரவேண்டாம்

ஒரு புள்ளி விழவில்லை. நடந்த பிழை அவ்வளவுதான்.

இந்தப் பாட்டைத்தான் சொல்கிறேன். பஸ்ஸில் இப்போது போகிறதே, இதுதான். நீரும் வாயசைத்துக்கொண்டுதானே வருகிறீர், பார்த்தேன். பாடுவதென்றால் பாடும். ஆனால் ரேடியோவில் அறிவிக்கிற அந்தப் பெட்டை சொன்னதை நம்பாதேயும். பாடினவன் கொழும்புக் காலிமுகத்திடலில் குந்தியிருந்து, கடலில் சூரியன் இறங்குவதைப் பார்த்து எழுதினானாம். கடலும் இல்லை, சூரியனும் இல்லை. பேரின்பநாதன் இந்தப் பாட்டை எழுதினது நான் அடித்த தந்தியைப் பார்த்து.

ஓம், தந்தி. தபாற்கந்தோரில் தந்தி அடிக்கிற வேலை எனக்கு. ஊரில் தந்தியர் என்பார்கள். முப்பத்தொரு வருசம். ஒரு முறைப்பாடு இல்லை. பெயர் கேட்காதேயும், அது தேவையில்லை.

முன் சீட்டில் ஒரு மனுசி பஸ் வெளிக்கிட்ட நேரம் தொடக்கம் கதைத்துக்கொண்டு வருகிறா, கேட்கிறதா? மண்ணிறச் சேலை. அது என்னுடைய ஆள்தான், பெண்சாதி. பக்கத்தில் இருக்கிற பிள்ளையை இன்றைக்குத்தான் கண்டவ. இதற்கிடையில் அந்தப் பிள்ளையின் மாமியார் வரைக்கும் விசாரித்து முடிந்திருக்கும். ஐம்பத்து மூன்று வருசமாக இந்தச் சத்தம். நான் நேர்மாறு. சொல்லை எண்ணிப் பேசுகிறவன். தொழில் அப்படி.

கேளும். ஒருதரம்தான் சொல்லுவேன்.

எழுபத்து மூன்றாம் ஆண்டு, ஐப்பசி, ஒரு வெள்ளிக்கிழமை. சரியான மழை. கந்தோர் மூட இன்னும் அரை மணித்தியாலம் இருக்கும். நேசமலர் குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். வேலாயுதம் மாஸ்ரருடைய ஒரே மகள். தாய் இல்லை. பாலர் வகுப்புக்குப் படிப்பிக்கிறவள். தந்திப் படிவம் ஒன்றை எடுத்தாள். மேசையில் நின்று எழுதினாள், எழுதினாள், எழுதிக்கொண்டே நின்றாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

விசயம் ஊருக்கே தெரியும். பேரின்பநாதன் எங்கள் ஊர்ப் பெடியன்தான். கொழும்பில் கிளார்க் வேலை. பின்னேரங்களில் கித்தாரைத் தூக்கிக்கொண்டு பொப் பாட்டுப் பாடித் திரிகிறவன். இவளை அவனுக்கு விருப்பம், இவளுக்கும் அவனை விருப்பம். மாஸ்ரர் இரண்டு வருசம் ஒற்றைக் காலில் நின்றார். "கித்தார்க்காரனுக்குப் பெட்டையைக் குடுத்திட்டு நான் சபையில என்னெண்டு இருக்கிறது?" கடைசியில் அவன் இவளுக்கு ஒரு கடிதம் எழுதினான். வாற ஞாயிற்றுக்கிழமை நேரே வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்கப்போகிறேன், உனக்கு அது விருப்பமில்லை என்றால் மட்டும் சொல், வரமாட்டேன் என்று. மாஸ்ரர் என்ன நினைத்தாரோ, வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் இருந்துகொண்டு ஓமென்றுவிட்டார். இவள் அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் விட்டபடி தந்தி அடிக்க ஓடி வந்தாள். கடிதம் போட்டால் ஞாயிறுக்கு முன் போய்ச் சேராது.

படிவத்தை நீட்டினாள். வாசித்தேன். இப்போதும் பாடம்.

'அப்பா ஓமெண்டிட்டார். உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார். ஞாயிறு மத்தியானம் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். பயப்படாமல் வாங்கோ. கட்டாயம் வரவேண்டும். நேசம்.'

"பிள்ளை, இது தந்தி. கடிதம் இல்லை."

"எல்லாம் தேவையான சொல்தான் அண்ணை."

"எது தேவை எண்டு எனக்குத் தெரியும். கொண்டாரும்."

நீலப் பென்சிலை எடுத்தேன். அப்பா ஓமெண்டிட்டார். வந்தால் தெரியத்தானே போகிறது, வெட்டு. ஆசைப்படுகிறார். அது அவருடைய ஆசை, தந்திக்கு என்னத்துக்கு, வெட்டு. சாப்பாடு, வெட்டு. பயப்படாமல், வெட்டு. கட்டாயம். வரவேண்டும் என்றாலே கட்டாயம்தான், வெட்டு.

ஞாயிறு வரவும் என்று போடப் போனேன். பெட்டை பதறிப்போனாள். "ஐயோ அண்ணை, வரவும் எண்டு போடாதேங்கோ. செத்தவீட்டுத் தந்தி எண்டு நினைச்சிடுவார். வரவேண்டும் எண்டே கிடக்கட்டும்."

அது நியாயம். அந்தக் காலத்தில் 'உடனே வரவும்' என்று தந்தி வந்தால் பிரிக்க முதலே வீட்டில் குழறத் தொடங்கிவிடுவார்கள். சரி, அவள் கேட்டபடி விட்டேன். நான் போடப் போனது வரவும். கேட்டது அவள். இதை நீர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேணும்.

ஞாயிறு வரவேண்டும் நேசம். மூன்று சொல். சுத்தமாக இருந்தது. அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மொட்டையாக் கிடக்கு அண்ணை."

"தந்தி அப்பிடித்தான்."

இப்போது இதைக் கவனியும். அப்போது தமிழ்த் தந்தியும் ஆங்கில எழுத்தில்தான் போகும். சொல் எங்களுடையது, எழுத்து அவர்களுடையது. மிஞ்சின மூன்று சொல்லையும் படிவத்தின் அடியில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டேன். ஒவ்வோர் எழுத்துக்கும் புள்ளியும் கோடும். தந்திச் சாவியைத் தட்டி எடுத்தால் புள்ளி, கொஞ்சம் அமத்திப் பிடித்தால் கோடு. வேண்டும் என்பதில் ஒரு யூ வரும். யூவுக்கு இரண்டு புள்ளி, ஒரு கோடு. ஏ என்ற எழுத்துக்கு ஒரு புள்ளி, ஒரு கோடு. யூவில் ஒரு புள்ளி விழாவிட்டால் அது ஏ. வேண்டும் போய் வேண்டாம் ஆகிவிடும். வா என்பதற்கும் வராதே என்பதற்கும் நடுவில் ஒரு தட்டு. வேறு எந்தப் பாஷையில் இப்படி ஓர் அநியாயம் இருக்கிறது, சொல்லும் பார்ப்போம்.

மழைக்குக் கம்பி இரைந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் இருந்தவர் நடுச்சொல்லைத் திருப்பி அடிக்கச் சொன்னார். எனக்கு விசர் வந்தது. மூடுகிற நேரத்தில் மூன்று சொல்லுக்கு இரண்டு தரம். கொஞ்சம் வேகமாக அடித்துவிட்டேன். ஆனால் என்னுடைய கை பிழை விடுகிற கை இல்லை. ஈரத்துக்குச் சாவி இறுகியிருக்கும். கொழும்பில் எடுத்து எழுதினவருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு வேண்டுமும் ஒன்றுதான், வேண்டாமும் ஒன்றுதான். விழுந்த எழுத்தை எழுதினார். எல்லாம் சேர்ந்துதான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டு நல்ல வெயில். பத்தரைக்குச் சைக்கிளில் சந்தைக்குப் போனேன். மாஸ்ரர் வீட்டு வாசல் படலையில் நின்றார். கரை வேட்டி, சால்வை, விபூதி.

"என்ன மாஸ்ரர், வெயிலுக்க நிக்கிறியள்?"

"ஒரு விருந்தாள் வருகுது" என்றார். சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டதில்லை. தலைமை வாத்தியாராய் இருந்த மனுசன்.

ஒரு மணிக்குத் திரும்பி வரும்போதும் நின்றார். நாலு மணிக்குக் கோயிலுக்குப் போகும்போதும் நின்றார். சால்வையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தார். நான் காணாத மாதிரிப் போனேன். அவரும் என்னைக் காணாத மாதிரித் தெருவைப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலையில் மாஸ்ரர் கந்தோருக்கு வந்தார். கொழும்பில் இருந்து தன் வீட்டுக்குக் கடிதம் வந்தால் திருப்பிவிடச் சொன்னார். வந்தது. இரண்டு வந்தது. இரண்டிலும் 'ஏற்க மறுப்பு' என்று எழுதித் தந்தார். நல்ல கையெழுத்து.

அவள் ஏன் எழுதவில்லை என்கிறீரா? ரோசம். வரச்சொல்லியும் வராதவனுக்கு இனி என்னத்தை எழுத? அவனுக்கும் ரோசம். போட்ட கடிதம் இரண்டும் திரும்பி வந்தபிறகு அவன் நிற்பாட்டிவிட்டான். எனக்கு அந்த நேரம் ஒன்றும் தெரியாது. கித்தார்க்காரன் மாஸ்ரரைப் படலையில் நிற்க வைத்துவிட்டான் என்று ஊர் சொன்னது. நானும் சொன்னேன்.

தை மாதம் சலூனில் இருந்தேன். மார்க்கண்டு எனக்கு ஒரு கன்னம் வழித்து முடித்து, மற்றக் கன்னத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு நின்றான். ரேடியோவில் புதுப் பாட்டு என்றார்கள்.

*ஞாயிறு வரவேண்டாம் என்றாய் – நான்*
*திங்களின் கீழே நின்றேன்.*
*வாசல் வரை வந்த தெரு – உன்*
*வார்த்தையில் திரும்பியதே.*

"எங்கட பேரின்பம் பாடுறான்" என்று மார்க்கண்டு கத்தியை நீட்டிக்கொண்டு சொன்னான். நான் எழும்பினேன். "அண்ணை, மற்றப் பக்கம்" என்றான். சோப்போடு கந்தோருக்குப் போனேன்.

பழைய படிவங்கள் மூன்று மாதம் கட்டி வைத்திருந்து எரிப்போம். அந்தக் கட்டு எரிக்க இருந்தது. பிரித்தேன். கிடந்தது. என்னுடைய கையெழுத்தில், கிண்ணம் மாதிரி வாய் திறந்த யூ. நான் எழுதினது சரி. அடித்ததில்தான் விழவில்லை.

அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

சொல்லியிருக்கலாமே என்கிறீர். உமக்கென்ன, பஸ்ஸில் இருந்துகொண்டு சொல்லுவீர். வேலை போகும். கலியாணம் முடித்து மூன்று வருசம், கைக்குழந்தை. யாரிடம் சொல்வது? மாஸ்ரரிடமா? உங்களை வெயிலில் நிற்க வைத்தது நான் என்றா?

அதற்குப் பிறகு எனக்கு ஒதுங்க ஓர் இடம் இல்லை. தேத்தண்ணிக் கடையில் அந்தப் பாட்டு. கலியாண வீட்டு ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு. பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகளின் வாயில் அந்தப் பாட்டு. பேப்பரில் ஒரு பண்டிதர் எழுதினார்: ஞாயிறு என்பது சூரியன், திங்கள் என்பது சந்திரன், வெளிச்சத்துக்கு அஞ்சிய காதலியைக் கவிஞன் நயமாகச் சொல்கிறான், சங்கப் பாட்டின் சாயல் தெரிகிறது. சாயலும் இல்லை ஒன்றும் இல்லை. அது கிழமை. வெள்ளி சனிக்குப் பிறகு வருகிற ஞாயிறு. நான் வெட்டி மிச்சம் விட்டது. பேப்பரைக் கிழித்து எறிய முடியுமோ, கந்தோர்ப் பேப்பர்.

வீட்டில் இன்னும் மோசம். எங்கடை ஆளுக்கு அந்தப் பாட்டென்றால் உயிர். அம்மியில் இருந்தால் பாட்டு, பிள்ளையைக் குளிக்க வார்த்தால் பாட்டு. வேண்டாம் என்ற இடத்தில் ஓர் இழுவை வேறு.

"இஞ்சரும், அதை நிப்பாட்டும்."

"ஏனப்பா, வடிவான பாட்டல்லோ. அந்தப் பெடியன்ர மனம் எவ்வளவு நொந்திருந்தா இப்பிடிப் பாடியிருப்பான்?"

நான் முற்றத்துக்குப் போய்விடுவேன். முற்றத்துக்கும் கேட்கும். ஒருநாள் கந்தோரில் தந்தி அடித்துக்கொண்டிருக்கிறேன், பார்த்தால் என்னுடைய மற்றக் கை மேசையில் அந்தப் பாட்டுக்குத் தாளம் போடுகிறது.

பங்குனியில் நேசமலர் வந்தாள். மெலிந்துபோய் இருந்தாள். கந்தோரில் வேறு ஆட்கள் இல்லை.

"அண்ணை, அண்டைக்கு என்ன அடிச்சனீங்கள்?"

"நீர் தந்ததைத்தான்."

"அவர் நான் வேண்டாம் எண்டு சொன்னதெண்டு பாடுறார்."

"பாட்டுக்காரர் பலதும் பாடுவினம்."

"அந்தப் படிவத்தை ஒருக்காப் பாக்கேலுமோ?"

"மூண்டு மாசத்தில எரிச்சுப்போடுவம்."

அது என்னுடைய சட்டைப் பையில், பேனைக்குப் பின்னால் இருந்தது. அவள் என்னுடைய நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கே பார்ப்பாள் பின்னே, உயரம் அவ்வளவுதான். ஆனால் எனக்கு அந்தப் பை எரிந்தது. வாயைத் திறந்தேன். நான் விட்ட பிழை. மூன்றே சொல். தந்திக்கு அளவான சொல். வரவில்லை.

"அப்ப பொய்தான் பாடுறார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அந்தப் படிவத்தை அலுமாரியில், தட்டுக்கு விரித்த பேப்பருக்குக் கீழே வைத்தேன். பையில் வைத்திருக்க முடியவில்லை. எரிக்கவும் முடியவில்லை.

ஆடியில் மாஸ்ரர் செத்துப்போனார். மாரடைப்பு என்றார்கள். ஐப்பசிக்குப் பிறகு வாசிகசாலைக்கும் வராமல் விட்ட மனுசன். பேரின்பநாதன் தன்னை வேண்டுமென்று தெருவில் நிற்க வைத்தான் என்றே நினைத்துக்கொண்டு போனார். வெளியூர்ச் சொந்தங்களுக்குத் தந்தி நான்தான் அடித்தேன். பதினான்கு தந்தி. 'உடனே வரவும்.' ஓர் எழுத்துப் பிழை இல்லை.

யன்னலைக் கொஞ்சம் சாத்தும். தூசி.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னம். எங்கடை ஆள் அலுமாரிக்குப் புதுப் பேப்பர் விரிக்கிறா. பாட்டு நடக்கிறது. திடீரென்று நின்றது. நான் சாய்வுக் கதிரையில் இருந்தேன். வந்தா. கையில் படிவம்.

"இதென்ன?"

"தாள்."

"நேசத்தின்ர பேர் கிடக்கு. வரவேண்டும் எண்டு கிடக்கு. பாட்டில வேண்டாம் எண்டெல்லோ..."

பாதியில் நின்றா. இவ கதையைப் பாதியில் நிற்பாட்டி நான் கண்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

"ஒரு புள்ளி விழேல்லை" என்றேன்.

"என்ன புள்ளி?"

சொன்னேன். யூவையும் ஏயையும் சொன்னேன், மழையைச் சொன்னேன், சாவியைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றா. பிறகு தாளை என் முகத்துக்கு நேரே பிடித்தா.

"புள்ளி கிடக்கட்டும். இதெல்லாம் ஆர் வெட்டினது?"

நீலப் பென்சில்.

"தந்திக்கு அது தேவையில்லை."

"அப்பா ஓமெண்டிட்டார் எண்டது தேவையில்லையோ? அந்த ஒரு வசனம் போயிருந்தா உங்கட புள்ளி விழுந்தென்ன, விழாட்டி என்ன? வேண்டாம் எண்டு கிடந்தாலும், இதென்ன விசர்க்கதை எண்டு மனிசன் பெட்டியும் கையுமா ஓடி வந்திருப்பானே."

அவவுக்குத் தந்தி வேலை தெரியாது. நான் விளங்கப்படுத்தவும் இல்லை. பிழை புள்ளியில்தான்.

"எங்க போறீர்?" என்றேன்.

பிள்ளையை இடுப்பில் தூக்கினா, படிவத்தை எடுத்தா, வெளிக்கிட்டா. காலை ஒன்பது மணி. நான் படலை வரைக்கும் போனேன். திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். வேலை போச்சு என்று நினைத்தேன். பொலிஸ் வரும் என்று நினைத்தேன். ஒரு மணியாகியும் ஆள் இல்லை. படலையில் போய் நின்று பார்த்தேன். வெயில். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

இரண்டு மணிக்கு வந்தா. கண் வீங்கியிருந்தது.

"என்ன சொன்னவள்?"

"அழுதவள்."

"பிறகு?"

"நானும் அழுதனான். பிறகு சாப்பிட்டம்."

ஐந்து மணித்தியாலத்துக்கு இவ்வளவுதான் எனக்குச் சொன்னா. மற்ற நேரமெல்லாம் வாய் ஓயாது.

அன்று பின்னேரம் வீட்டுக் கணக்குக் கொப்பியை எடுத்துக் கொழும்புக்குக் கடிதம் எழுதினா. பதினொரு தாள், இரண்டு பக்கமும். மாஸ்ரர் படலையில் நின்றதை எழுதினா. என்ன கறி சமைத்திருந்தார்கள் என்றுகூட எழுதினா என்று பிறகு கேள்விப்பட்டேன். வாசிக்கத் தரச்சொல்லிக் கேட்டேன். தரவில்லை.

"நீங்கள் வெட்டிப்போடுவியள்" என்றா.

அதற்கடுத்த ஞாயிறு காலையில் பேரின்பநாதன் என்னுடைய வீட்டு வாசலில் நின்றான். இரவு மெயில் ரயிலில் வந்து இறங்கின கோலம், ஒரு கையில் பெட்டி. அடிக்க வந்தான் என்று நினைத்தேன். அடித்தால் வாங்குவது என்று நின்றேன். படிவத்தைக் கேட்டான். இவ கொண்டுவந்து கொடுத்தா. வெட்டின வரிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்தான். நீலக் கோட்டுக்குக் கீழே எழுத்து நன்றாகத் தெரியும். பயப்படாமல் வாங்கோ என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

பிறகு சொன்னான்: "அண்ணை, எனக்கு வேண்டாம் எண்டது நோகேல்லை. ரண்டு வருசப் பழக்கத்துக்கு மூண்டு சொல்தானோ எண்டதுதான் நொந்தது."

வேறு நாலு பெடியளோடு சேர்ந்து ஒரு வீடு எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவன். அதைச் சமறி என்பார்கள். தந்தி கிடைத்த அன்று அங்கே, சட்டைப் பையில் சனிக்கிழமை மெயிலுக்கு எடுத்த டிக்கற்றோடு, ட்ரங்குப் பெட்டிக்கு மேல் இருந்திருக்கிறான். மற்றவர்கள் கறிக்கு வெங்காயம் உரிக்கிறார்கள். அந்த மூன்று சொல்லையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லையாம். திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தானாம். சொல்லச் சொல்ல அது ராகமாய்ப் போனதாம். வேறு சொல் இருந்திருந்தால் பாட்டு வந்திராது அண்ணை என்றான்.

பார்த்தீரா? அதையும் அவன்தான் சொன்னான், நான் சொல்லவில்லை. பாட்டில் எனக்கும் ஒரு பங்கிருக்கிறது. யாரும் சொல்ல மாட்டார்கள்.

தையில் கலியாணம். மாஸ்ரருடைய படத்துக்கு முன்னால் தாலி கட்டினான். படம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்த மேடையில் ஏறினாலும் சனம் இந்தப் பாட்டைத்தான் கேட்கும். வேண்டாம் வேண்டாம் என்று அவன் பாடுவான், நேசம் முன்வரிசையில் இருந்து சிரிப்பாள். சனம் அழும். ஐம்பது வருசம் இதுதான் நடந்தது. என்மேல் கந்தோருக்கு முறைப்பாடு எழுத வேண்டாம் என்று எங்கடை ஆள் கேட்டாவோ, அவர்களாக விட்டார்களோ தெரியாது. நான் கேட்கவில்லை. நேசமும் என்னிடம் அந்தக் கதை எடுத்ததில்லை.

முந்தநாள், வெள்ளிக்கிழமை, நேசத்தின் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். "அண்ணை, இவர் நேற்றுப் போயிட்டார். ஞாயிறு பிரேதம் எடுக்கிறம். கட்டாயம் வரவேண்டும்."

கட்டாயம் என்றும் சொன்னாள்.

ரிசீவரை எங்கடை ஆள் வாங்கினா. பிறகு முக்கால் மணித்தியாலம் கதை.

இதுதான் இறங்குகிற இடம். வழி விடும், கால் விறைத்துப்போச்சு. என்ன? ரேடியோவுக்கு எழுதிப் போடப் போகிறீரா? போடும், எனக்கென்ன. அந்தப் பெட்டை திருத்தி வாசிக்கட்டும். பிழை என்னவென்று நான் சொல்லிவிட்டேன். மழை, சாவி, ஒரு புள்ளி. என்னுடைய பெயர் தேவையில்லை.

திருத்தினவரின் பெயரைப் போடும். அந்தா, இறங்கி நின்றும் யன்னலால் அந்தப் பிள்ளையோடு கதைத்துக்கொண்டு நிற்கிறா. ஐம்பத்து மூன்று வருசம் இஞ்சரும், இஞ்சரும் என்றே கூப்பிட்டுவிட்டேன். நீளமான பெயர். வெட்டாமல் எழுதும்.

மங்கையர்க்கரசி.